கொத்தாமல் ஒரு குளிர்காலம்

லண்டன் ஹாரோவில் எங்களுக்கு அலொட்மென்ட், அதாவது தோட்டம் செய்ய வாடகைக்குத் தரும் நிலத்துண்டு, கிடைத்து ஆறு வருடம். அரைத்துண்டு, ஏறக்குறைய 125 சதுர மீட்டர். நவம்பர் வந்தால் மண் கொத்தும் முள்ளு ஃபோர்க்கை எடுத்து முழு நிலத்தையும் கொத்திப் புரட்டுவேன். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு, கொத்தாத நிலம் என்றால் ஆளில்லாத நிலம்.

ஆனால் லண்டன் களிமண் எங்கள் செம்மண் இல்லை. ஈரத்தில் கொத்தினால் வெட்டுப்பட்ட முகம் சவர்க்காரக் கட்டி மாதிரி மினுங்கும். கோடையில் அதுவே செங்கல்லாகி, விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். இங்குள்ள கூச் என்ற களைப்புல்லின் வெள்ளை வேர் அறுகைப் போல ஓடும். ஃபோர்க் பட்டு ஐந்தாக அறுந்தால் ஐந்தும் முளைக்கும். அடியில் உறங்கிய களை விதைகளையும் நாமே வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறோம்.

இங்கிலாந்தின் சொமர்செட்டில் சார்ல்ஸ் டவ்டிங் என்ற தோட்டக்காரர் 1980களிலிருந்து மண்ணைப் புரட்டாமலே மரக்கறி செய்கிறார். அந்த வழியில் ஒக்டோபர் கடைசியில் நான்கு பாத்தி போட்டேன். ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். உயர்ந்த புல்லை மட்டும் அரிந்துவிட்டு, அதன் மேலேயே காட்போட் மட்டை. டேப்பையும் பின்களையும் உரித்தெடுக்கவே ஒரு பின்னேரம் போனது. ஒரு மட்டையின் விளிம்பு அடுத்ததன் மேல் ஒரு சாணாவது ஏறவேண்டும். நீக்கல் விட்டால் அதற்குள்ளால் புல் வந்துவிடும். நன்றாக நனைத்து, மேலே 10 சென்ரிமீட்டர் கூட்டெரு. ஒரு பாத்திக்கு 360 லிட்டர், 50 லிட்டர் பை ஏழுக்கும் கொஞ்சம் மேல். முதல் வருடத்துக்குத்தான் இவ்வளவு, பிறகு வருடம் மூன்று, நான்கு சென்ரிமீட்டர் போதும்.

எரு விஷயத்தில் இப்போது நான் கண்டிப்பு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குதிரை லாயத்திலிருந்து கொண்டுவந்த எருவைப் போட்டு, தக்காளிக் குருத்தெல்லாம் சுருண்டுபோனது. மேய்ச்சல் நிலத்துக்கு அடிக்கும் அமினோபைராலிட் என்ற களைக்கொல்லி, குதிரையின் வயிற்றைக் கடந்து எருவிலும் வீரியத்தோடு இருக்கும். அந்தக் கோடை முழுக்க நான் தக்காளிக்குத் தண்ணீர் போதவில்லை என்றே நினைத்திருந்தேன். அதனால் இந்த முறை ஒவ்வொரு பையிலும் ஒரு சட்டி நிரப்பி, அந்தக் களைக்கொல்லி இருந்தால் இலை சுருண்டு காட்டிக்கொடுக்கும் பாகிளா அவரை விதை ஊன்றினேன். மூன்று நான்கு கிழமையில் இலை நேராக விரிந்த பிறகுதான் பாத்திக்குப் போட்டேன்.

போன ஞாயிறு ஒரு மூலையில் மட்டையைத் தூக்கிப் பார்த்தேன். நனைந்த அப்பளம் போல கையோடு கிழிந்து வந்தது. அடியில் புல் வெளிறி மண்ணோடு ஒட்டிக்கிடந்தது. அதற்குள் தலையை நுழைத்தபடி இரண்டு மண்புழு. விரலால் அழுத்தினேன், அந்தக் களிமண்ணில் முதல் கணுவரை இறங்கியது! சவ்வரிசி போல நத்தை முட்டைகளும் ஒரு கொத்து இருந்தன, அதைப் பொறுக்கி எறிந்தேன். மழை ஓயாத இந்த ஊரில் வைக்கோல் மூடாக்கு போட்டால் நத்தை இன்னும் பெருகும், அதனால்தான் கூட்டெரு. பைன்ட்வீட் என்ற களைக்கொடி ஒரு வருடத்தில் சாகாது, அதை வசந்தத்தில் கையால் இழுக்கத்தான் வேண்டும். பாத்தியில் ஊன்றிய உள்ளி (பூண்டு) நான்கு விரல் உயரம் வந்துவிட்டது.

அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். பூவரசங் குழையை வெட்டி வந்து மண்ணுக்குள் தாழ்த்தே தோட்டம் செய்தவர் அவர். உடனே ஃபோன் எடுத்தார்.

“மேல போட்டால் வெயில் காய்ச்சிப்போடுமே பிள்ளை?”

“இங்க ஏப்ரல் வரைக்கும் வெயில் இல்லை அப்பா” என்றேன். கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம், “புழு இருக்கோ?” என்று கேட்டார்.