குமான் கிராமத்தில் நாமதேவர் தரிசனம்

முட்டி ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி அம்மா வைத்துக்கொண்ட வேண்டுதல். "நடக்க வெச்சுடு பாண்டுரங்கா, நாமதேவர் அடங்கின ஊருக்கே வந்து உன் நாமத்தைச் சொல்றேன்." நாமதேவர் பண்டரிபுரத்துப் பாண்டுரங்கனைப் பாடிய மராத்திய மகான். அதனால் பண்டரிபுரம் போக வேண்டும் என்கிறாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அங்கே அவள் முன்பே போய், கோயில் வாசலில் இருக்கும் நாமதேவர் படியில் தலையை வைத்து அழுதுவிட்டு வந்தவள். இப்போது கேட்டது குமான். பஞ்சாபில், குருதாஸ்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். எங்கள் கும்பகோணத்துப் பஜனை மடத்தில் நாமதேவர் அபங்கம் (மராத்தி பக்திப் பாட்டு) பாடும்போதெல்லாம், "கடைசிக் காலத்தில் பஞ்சாபிலே போய் உட்கார்ந்துவிட்டார்" என்று பாகவதர் ஒருவர் சொல்லுவாராம். அம்மா அதை அப்படியே மனசில் முடிந்து வைத்திருக்கிறாள்.

தை பிறந்த மறுநாள், அவர்கள் கணக்கில் மாக மாதம் இரண்டாம் தேதி, அங்கே பெரிய மேளா. நாமதேவர் திருநாள். அன்றைக்கே போய்விடலாம் என்று கிளம்பினோம். அமிர்தசரஸ் ஸ்டேஷன் வாசலில் டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, மேளா என்று தெரிந்ததும் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டார்கள். ஒருவர் அம்மாவின் பையைப் பிடுங்காத குறை. இவ்வளவு புண்ணிய பூமியில், சாமி கும்பிட வந்தவர்களிடம் இப்படி நடப்பது மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஒரு பெரியவர் நியாயமான வாடகைக்கு வந்தார். அவருக்குக் கோடிப் புண்ணியம்.

மேத்தா என்ற ஊர் தாண்டியதும் பனிமூட்டம். கார் விளக்குக்கு முன்னால் நாலு முழத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. வெள்ளைச் சுவரிலிருந்து திடீர் திடீரென்று கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் முளைத்து வந்தன. பின்னால் சிவப்பு விளக்குகூட இல்லை. நான் முன் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அம்மா 'விட்டல விட்டல' என்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, "நீ பேசாம இரு டீ. வரச் சொன்னவனுக்குத் தெரியாதா?" என்றாள். பனி கொஞ்சம் விலகினபோது இரண்டு பக்கமும் கோதுமைப் பச்சை, நடுவே கடுகுப் பூ மஞ்சள்.

நாமதேவரின் தோழரான மகான் ஞானேஸ்வரர் 1296-ல் மகாராஷ்டிரத்து ஆளந்தியில் ஜீவசமாதி ஆன பிறகு நாமதேவருக்கு அந்தப் பக்கம் இருப்புக் கொள்ளவில்லை. பாடிக்கொண்டே வடக்கே வந்தவர், அப்போது காடாகக் கிடந்த இந்த இடத்தில் தங்கிவிட்டார். அவரைச் சுற்றித்தான் ஊரே உண்டானது என்று குமான்காரர்கள் சொல்கிறார்கள். அவர் தவம் இருந்த இடம் தபியானா சாகிப். சமாதி இருப்பது நாமதேவ் தர்பார். சமாதி மேல் கட்டடம் எழுப்பியது சீக்கியத் தலைவர் ஜஸ்ஸா சிங் ராம்கடியா என்றும், குளத்தைச் செப்பனிட்டது மகாராஜா ரஞ்சித் சிங்கின் மாமியார் சதா கவுர் என்றும் சொல்கிறார்கள். 1350-ல் அவர் உடலை விட்டது இங்கேதான் என்பது இவர்கள் நம்பிக்கை. பண்டரிபுரத்துக்காரர்களோ அவர் அங்கே கோயில் படியில் அடங்கினார் என்பார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ரெண்டு இடத்துலயும் இருக்கட்டுமே, அவருக்கு என்ன குறைச்சல்?" என்று முடித்துவிட்டாள்.

கூட்டம் சொல்லி மாளாது. டிராலி டிராலியாக ஜனம், ராட்டினம், வளையல் கடை, நாலு பக்கமும் ஒலிபெருக்கி. செருப்பு வைக்கும் இடத்திலேயே தள்ளுமுள்ளு. வாக்கரோடு நிற்கிறாளே ஒரு வயசானவள் என்று பார்க்காமல் இளவட்டங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். வரிசையை ஒழுங்குபடுத்த இன்னும் நாலு பேரைப் போட்டால் என்ன? ஈரத் தரையில் அம்மாவின் கால் வெடவெடவென்று நடுங்கியது. அப்போது ஒரு பஞ்சாபிப் பாட்டி, முன்பின் தெரியாதவள், தன் சால்வையை எடுத்து அம்மாவுக்குப் போர்த்தி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

உள்ளே கீர்த்தனை நடந்துகொண்டிருந்தது. 1604-ல் குரு அர்ஜன் தேவ் தொகுத்த, சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தத்தில் நாமதேவருடைய பாடல்கள் 61 இருக்கின்றன. நம் தேவாரம்போல ராகப்படி அமைத்திருக்கிறார்கள். ராகிகள் என்னும் கீர்த்தனைப் பாடகர்கள் ஹார்மோனியத்தோடு ஆரம்பித்தது 'தூத் கடோரை' என்ற பாட்டு. பசுவைக் கறந்து, கிண்ணத்தில் பால் கொண்டுவந்து வைத்து, 'தூத் பியோ கோவிந்தே ராய்', குடியப்பா கோவிந்தா என்று சின்னக் குழந்தை நாமதேவர் கெஞ்சுகிற பாட்டு. அம்மாவுக்குப் பஞ்சாபி ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் கோவிந்தன் என்று காதில் விழுந்ததுமே என் கையை இறுக்கினாள். "பால் கொடுக்கிற கதை டீ! நம்ம கதை!" அன்றைக்கு மாட்டுப் பொங்கல் வேறு. ஊரில் பசுவுக்குப் பொட்டு வைத்துப் படைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இங்கே எங்கள் காதில் இந்தப் பாட்டு. திருநாரையூரில் நம்பியாண்டார் நம்பிக்குப் பொல்லாப் பிள்ளையார் சாப்பிட்டாரே, அதே அழுகை, அதே பிடிவாதம். 'நாமே தேக் நாராயண் ஹஸை' என்ற அடி வந்தது. நாமாவைப் பார்த்து நாராயணன் சிரிக்கிறான். அங்கே விக்கிரகம் கிடையாது, அலங்காரம் கிடையாது. ஆனால் அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கண்ணைத் துடைக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கீர்த்தனை முடிந்ததும் அம்மா சின்னக் குரலில் ஒரு அபங்கம் பாடினாள். மூச்சு வாங்கியது, சுருதி எங்கேயோ போனது. யாரும் தடுக்கவில்லை. சால்வைப் பாட்டி தாளம் போட்டாள், பக்கத்தில் இருந்தவர்கள் 'விட்டல்' வரும்போதெல்லாம் கூடவே சொன்னார்கள். வேண்டுதல் நிறைவேறியது. அப்பா பாண்டுரங்கா, என்ன கருணை உனக்கு!

லங்கரில், அதாவது எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் இடத்தில், சூடான மக்காச்சோள ரொட்டி, கடுகுக் கீரை, கீர். நான் போதும் என்று கையை மூடினாலும் போட்டுக்கொண்டே இருந்தார்கள். சால்வையைத் திருப்பிக் கொடுத்தபோது பாட்டி வாங்க மறுத்துவிட்டாள். அவள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

வயசானவர்களோடு போகிறவர்கள் மேளாவைத் தவிர்த்து, பனி விலகின மாசி, பங்குனியில் போங்கள். அம்மா இப்போது நாமதேவர் பிறந்த ஊர் என்று சொல்லும் நர்சிக்குப் போக வேண்டும் என்கிறாள். கூட்டிப் போவதும் அவன் பொறுப்புதான். பாண்டுரங்க விட்டலா!