நூற்றிருபது தவணைகளும் ஒரு மஞ்சள் பையும்

பொதுச் சேவையில் இருப்பவர்களுக்கான அமெரிக்கக் கல்விக் கடன் தள்ளுபடித் திட்டம் குறித்து 2018 ஏப்ரலில் எனக்கு வந்த கடிதத்தில் ஒரேயொரு எண்தான் முக்கியமானது. "தகுதி பெற்ற தவணைகள்" என்ற வரிக்கு எதிரே பூஜ்யம் என்று அச்சிடப்பட்டிருந்தது. அதற்குள் நான் ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மாதம்கூடத் தவறாமல் கல்விக் கடன் கட்டியிருந்தேன். அத்தனை காலமும் வேலை பார்த்தது பொதுச் சேவையில்தான். அந்தப் பூஜ்யம், தள்ளுபடிக்குத் தேவையான நூற்றிருபதாக மாறுவதற்கு மேலும் நாலரை ஆண்டுகள் ஆயின. இதே வழியில் நடந்துகொண்டிருக்கும் நம் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் இருப்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பாவின் வேலைக்காக எங்கள் குடும்பம் நியூஜெர்சிக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நான் கல்லூரியில் சேர்ந்த 2002-ல் அப்பாவுக்கு நிரந்தர வேலை இல்லை. நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டை வந்துவிட்டிருந்ததால் மத்திய அரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்க முடிந்தது. பட்டப்படிப்புக்கும் அதன்பின் சமூகப்பணி முதுகலைக்குமாகச் சேர்ந்து 58,000 டாலர் கடன் ஆனது. அதில் பெரும்பகுதிக்கு வட்டி 6.8 சதவீதம். 2008 செப்டம்பரில் வீடற்ற குடும்பங்களுக்கு உதவும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். 2014 மார்ச்சில் கவுண்டி (மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) சமூக சேவைத் துறைக்கு மாறினேன். உணவு உதவி அட்டைக்கும், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டுக்கும் வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவது இன்றுவரை என் வேலை.

என்னைப் போன்றவர்களுக்காகவே 2007-ல் ஒரு சட்டம் வந்தது. அரசிலோ, வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனத்திலோ முழுநேரம் பணியாற்றிக்கொண்டு, வருமானத்துக்கேற்ற தவணைத் திட்டம் போன்ற தகுதியுள்ள ஒரு திட்டத்தில் 120 மாதத் தவணைகளைக் கட்டினால் மிச்சக் கடனை அரசு தள்ளுபடி செய்யும். தள்ளுபடியான தொகைக்கு மத்திய வருமான வரியும் கிடையாது. ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம் அது. சம்பளம் குறைந்த பணிகளுக்குப் படித்தவர்கள் வரவேண்டும், வந்தால் பத்தாண்டு நிலைத்திருக்கவேண்டும் என்பதற்காக நாடு கொடுத்த வாக்கு என்றுதான் நான் அதைப் புரிந்துகொண்டேன்.

வாக்கின் நடுவே ஒரு நுணுக்கம் ஒளிந்திருந்தது. கடன் "டைரக்ட் லோன்" வகையைச் சேர்ந்ததாக, அதாவது அரசே நேரடியாகக் கொடுத்ததாக, இருக்கவேண்டும். என்னுடையது பழைய வகை: பணம் கொடுத்தது தனியார் வங்கி, உத்தரவாதம் அரசுடையது. 2010 ஜூலை முதல் அந்த வகையில் புதிய கடன் கொடுப்பதே நின்றுபோனது. ஏற்கெனவே வாங்கியவர்கள் அதிலேயே கிடந்தோம். 2012-ல் என் கடனை நிர்வகித்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, பொதுச் சேவையில் இருக்கிறேன், வருமானத் திட்டத்தில் கட்டுகிறேன், வேறு ஏதாவது செய்யவேண்டுமா என்று கேட்டேன். "சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள், இப்படியே தொடருங்கள்" என்றார் மறுமுனையில் இருந்தவர். என் கடன் எந்த வகை என்பதை அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. டைரக்ட் லோனாக மாற்றிவிடுங்கள் என்ற ஒரு வாக்கியத்தை அன்று அவர் சொல்லியிருந்தால் ஆறு ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். மாற்றியிருந்தால் என் கணக்கு அந்த நிறுவனத்தின் கையை விட்டுப் போயிருக்கும் என்பதையும் பிற்பாடுதான் அறிந்தேன்.

பூஜ்யம் வந்த அன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதுவரை கட்டியது ஏறத்தாழ 32,000 டாலர். நிலுவை 62,000-க்கும் மேல். வருமானத்துக்கேற்ற தவணை பல ஆண்டுகள் வட்டிக்கே போதாமல் இருந்ததால், கட்டக் கட்டக் கடன் வளர்ந்திருந்தது. அந்த வாரமே எல்லாவற்றையும் ஒன்றிணைத்து டைரக்ட் லோனாக மாற்ற விண்ணப்பித்தேன். இனி முதல் தவணையிலிருந்து மறுபடி எண்ணவேண்டும், 2028 வரை கட்டவேண்டும் என்ற நினைப்போடுதான் அடுத்த மூன்று ஆண்டுகளும் கழிந்தன.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். "கடன்னு வாங்கினா கட்டித்தானே ஆகணும்மா, அடுத்தவன் வரிப் பணத்துல ஏன் கழிக்கணும்?" என்று அவர் பலமுறை கேட்டிருக்கிறார். யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கி வைக்காமல் வாழ்ந்தவர் என்பதால் அந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. கல்லூரி வாசலையே மிதிக்காத ஒரு லாரி ஓட்டுநர் இதே கேள்வியைக் கேட்டாலும் அது நியாயமான கேள்விதான். நான் அப்பாவுக்குச் சொன்ன பதில் இது. அவர் கோயம்புத்தூரில் அரசுக் கல்லூரியில் சொற்பக் கட்டணத்தில் படித்தார். மிச்சச் செலவை ஏற்றது ஊரார் வரிப்பணம், அதை யாரும் இனாம் என்று சொன்னதில்லை. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அந்த எண்ணம் வலுவாக இருந்தது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1976 வரை அந்நகர மாணவர்களிடம் படிப்புக் கட்டணம் வாங்கவில்லை. ஏழையாகத் தாம் படித்த டெக்சஸ் கல்லூரிக்கே திரும்பிப் போய் 1965-ல் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அதிபர் லிண்டன் ஜான்சன். அதன் பிறகான காலத்தில் சுமை மெல்ல மெல்லப் படிக்கிறவர் தோளுக்கு நகர்ந்தது. திவால் சட்டத்தின் வழியாகக் கல்விக் கடனிலிருந்து வெளியேறும் வாசலும் 1976 முதல் படிப்படியாகக் குறுகியது. இன்று நாலு கோடிக்கும் மேற்பட்டவர்கள் மத்திய அரசுக்குக் கல்விக் கடன் பாக்கி வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்டது பொதுமன்னிப்பு அல்ல என்பதையும் அவருக்கு விளக்கினேன். குறிப்பிட்ட வருமான வரம்புக்குள் இருக்கும் எல்லாருக்கும் 10,000 டாலர் வரை, சிலருக்கு 20,000 டாலர் வரை தள்ளுபடி என்ற வேறொரு திட்டத்தைப் பிற்பாடு 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதிகாரம் தரவில்லை என்பது தீர்ப்பு. என்னுடையது அப்படியல்ல. காங்கிரஸே இயற்றிய சட்டம், இரு தரப்புக்கும் கடமை உள்ள ஒப்பந்தம். என் பங்கை நான் நிறைவேற்றியிருந்தேன்.

2021 அக்டோபர் 6 அன்று கல்வித்துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பழைய வகைக் கடனுக்குக் கட்டிய மாதங்களையும் எண்ணிக்கையில் சேர்ப்போம், 2022 அக்டோபர் 31-க்குள் படிவம் கொடுக்கவேண்டும் என்றது அது. இந்தத் தள்ளுபடித் திட்டம் தொடர்பாக ஓர் ஆசிரியர் சங்கம் கல்வித்துறைமீது தொடுத்த வழக்கும் அதே மாதத்தில்தான் சமரசத்துக்கு வந்தது. என்னைப் போல ஏமாந்தவர்கள் ஆயிரக்கணக்கில் எழுதிய புகார்களும் அந்த அறிவிப்புக்குப் பின்னால் இருந்தன. அவற்றுள் ஒன்று நான் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்புக்கு 2018-ல் அனுப்பியது.

டிசம்பரில் படிவம் அனுப்பினேன். கவுண்டி வேலைக் காலம் உடனே ஏற்கப்பட்டது: 94 மாதங்கள். தேவைப்பட்ட மிச்சம் 26. அவை தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து வரவேண்டும். அந்த நிறுவனமோ 2015-லேயே மூடப்பட்டுவிட்டது. கையெழுத்துப் போட ஆளில்லை. கையெழுத்து இல்லாத படிவம் திரும்பி வந்தது.

மூடிய நிறுவனமாக இருந்தால் சம்பளச் சான்றான டபிள்யூ-2 தாள்களை இணைக்கலாம் என்று விதி இருந்தது. என்னிடம் ஒன்றுகூட இல்லை. அப்பாவிடம் கேட்டபோது அவர் பேசாமல் எழுந்துபோய் நிலவறை அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் துணிப்பையை எடுத்துவந்தார். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் எப்போதோ கொடுத்த பை. எழுத்து பாதி அழிந்திருந்தது. எனக்குத் திருமணம் ஆகும்வரை என் வருமான வரியையும் அவர்தான் சமையலறை மேசையில் உட்கார்ந்து தாக்கல் செய்வார். 2008 முதல் 2014 வரையான ஏழு தாள்களும் ஆண்டுவாரியாக, நூலால் கட்டப்பட்டு உள்ளே இருந்தன. 'பி' என்ற கட்டத்தில் நிறுவனத்தின் ஒன்பது இலக்க வரி எண் தெளிவாகத் தெரிந்தது. வாரத்துக்கு முப்பத்தேழரை மணி நேர வேலை என்று எழுதியிருந்த நியமனக் கடிதமும் அவற்றோடு இருந்தது. அதுவரை தள்ளுபடியை ஒப்புக்கொள்ளாத அப்பா, அந்த எண்ணைப் படிவத்தில் நான் எழுதும்போது பக்கத்தில் நின்று இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்தார்.

அனுப்பிய பிறகு ஐந்து மாதம் பதில் இல்லை. அந்தக் கோடையில் கடன் கணக்குகள் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிக்கொண்டிருந்தன. தொலைபேசியில் இரண்டு மணி நேரம் காத்திருந்து பேசினால், ஆவணம் வந்ததாகவே பதிவில்லை என்றார்கள். எங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்துக்கு எழுதினேன். குடிமக்களின் இத்தகைய சிக்கல்களைக் கவனிக்கவே அங்கே ஊழியர்கள் இருக்கிறார்கள், கட்டணம் எதுவும் இல்லை. என் விவரங்களைக் கேட்டறிய அனுமதி தரும் படிவம் ஒன்றில் மட்டும் கையெழுத்துக் கேட்டார்கள். ஆறு வாரத்தில் ஆவணம் கண்டுபிடிக்கப்பட்டது. 2022 அக்டோபர் 19 அன்று கணக்கில் நிலுவை பூஜ்யம் என்று காட்டியது. தள்ளுபடியானது 61,800 டாலர். அதே எழுத்து, அதே பூஜ்யம். அலுவலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த குடும்பத்தின் படிவத்தை எடுத்தேன்.

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வேலை முடிந்த பிறகு, அலுவலகச் சாப்பாட்டு அறையில் ஒரு மேசை போட்டு உட்காருகிறேன். மத்தியக் கல்வி உதவித் தளத்தில் எப்படி உள்நுழைவது, கடன் பட்டியலை எப்படிப் பதிவிறக்குவது, ஆண்டுக்கு ஒருமுறை வேலைச் சான்றிதழ் ஏன் வாங்கவேண்டும், எண்ணிக்கைப் பக்கத்தை ஏன் அச்சிட்டு வைக்கவேண்டும் என்று காட்டித் தருகிறேன். 2025-ல் தவணைத் திட்டங்கள் மறுபடி மாற்றப்பட்டுச் சட்டம் ஆகியிருப்பதால் கூட்டம் குறையவில்லை. போன மாதம் வந்த பெண் பதினான்கு தவணை கட்டியிருக்கிறாள். தம் கடன் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். பட்டியலைத் திறக்கச் சொல்லி, கடன் வகை எழுதியிருக்கும் வரியில் விரலை வைத்து, இருவரும் சேர்ந்து வாசித்தோம்.