பாலைக் கூட்டும் தானியமும் கொழுப்பைக் காக்கும் நாரும்

கறவை மாட்டின் பால் குறைந்தவுடன் அடர்தீவனத்தை (தானியம் மிகுந்த கலவைத் தீவனத்தை) ஒரு படி கூட்டிவிடும் பழக்கம் எனக்கும் வெகுகாலம் இருந்தது. அது முழுத் தவறன்று. தானியத்தின் மாவுச்சத்து முதல் இரைப்பையில் நொதித்துப் புரோப்பியானிக் அமிலமாகி, கல்லீரலில் குளுக்கோஸாக மாறி, மடியில் பாலின் சர்க்கரையான லாக்டோஸ் உருவாகத் துணைசெய்வதால் பாலின் அளவு உண்மையிலேயே கூடும். ஆனால் பாலின் கொழுப்புக்கு வேண்டிய அசிட்டிக் அமிலம் பெரும்பாலும் நார்ச்சத்திலிருந்தே கிடைக்கிறது. தீவனத்தில் நார் குறைந்தால் மாடு அசைபோடுவதும், அமிலத்தை மட்டுப்படுத்தும் உமிழ்நீர் (நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் சுரப்பது!) ஊறுவதும் குறைந்து, இரைப்பையின் அமிலத்தன்மை ஏறி, கொழுப்பு சரிகிறது, சில மாடுகள் தீவனத்தையே ஒதுக்கிவிடுகின்றன.

ஆகவே நான் முதலில் பார்ப்பது புல்லைத்தான். முற்றிய புல்லில் லிக்னின் என்னும் செரிக்காத மரப்பொருள் மிகுந்து செரிமானம் தாமதமாவதால், வயிறு நிறைந்திருந்தும் மாட்டுக்குச் சத்துப் போதாது. பூக்கத் தொடங்கும்போதே அறுத்த குதிரைமசால் என்னும் தீவனப்பயிரோ புரதம் மிகுந்தது, இரைப்பையை விரைவில் கடப்பது. எனவே மாடு அதை அதிகமாகத் தின்னும், தானியமும் குறைவாகவே தேவைப்படும். தானியத்தைக் கூட்டியே ஆகவேண்டுமெனில், இரைப்பையில் தீவனத்தை நொதிக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ளும்படி 2 முதல் 3 வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துக் கொடுக்கிறேன்.