ஆப்டிகல் பைரோமீட்டர்: செய்முறைத் தேர்வில் மார்க் போகும் இடம்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இயற்பியலோ இன்ஸ்ட்ருமென்டேஷனோ படிப்பவர்களுக்கு: பைரோமீட்டர் (சூடான பொருளைத் தொடாமல், அதன் ஒளியைக் கொண்டு வெப்பநிலை அளக்கும் கருவி) படத்தை எல்லோருமே ஒழுங்காகப் போட்டுவிடுவார்கள். மார்க் போவது உமிழ்திறன் திருத்தத்தில்தான். உமிழ்திறன் என்பது, அதே வெப்பநிலையிலுள்ள கரும்பொருளோடு (முழு அளவில் ஒளி உமிழும் இலட்சியப் பொருள்) ஒப்பிட்டால் ஒரு பொருள் எவ்வளவு பங்கு உமிழ்கிறது என்பது.

முதலில் ஐபீஸைத் திருகி, கருவிக்குள் இருக்கும் விளக்கின் இழையைத் தெளிவாக்குங்கள். பிறகே முன்லென்ஸை நகர்த்தி, சூடான பொருளின் பிம்பத்தை இழைமேல் விழவையுங்கள். சிவப்பு வடிகட்டியை (0.65 மைக்ரோமீட்டர்) போட்டு, இழையின் மின்னோட்டத்தை மாற்றும் ரியோஸ்டாட்டைத் திருப்புங்கள். இழை கறுப்பாகத் தெரிந்தால் மின்னோட்டம் போதாது, பளிச்சென்றால் அதிகம். இழை பொருளின் பிம்பத்தோடு கலந்து மறையும் புள்ளியை ஒருமுறை ஏற்றியும் ஒருமுறை இறக்கியும் பிடித்துச் சராசரி எடுங்கள்.

சுமார் 700 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சிவப்பொளி கண்ணுக்குப் பற்றாது. மறுபுறம், இழையை 1500 டிகிரிக்கு மேல் ஏற்றினால் டங்ஸ்டன் ஆவியாகி விளக்குக் கண்ணாடியில் படியும், அளவுத்திருத்தம் கெடும். அதனால்தான் அதைவிடச் சூடான பொருளைப் பார்க்க முன்லென்ஸுக்கும் விளக்குக்கும் நடுவே சாம்பல்நிற வடிகட்டி. அது குறைப்பது பொருளின் ஒளியை, இழையின் ஒளியை அல்ல. வைவாவில் பலர் இதை மாற்றிச் சொல்கிறார்கள்.

இனி கணக்கு. கருவி காட்டுவது கரும்பொருளுக்கான வெப்பநிலை. உண்மை அதைவிட அதிகம். வீன் விதிப்படி:

1/உண்மை = 1/காட்டியது + (அலைநீளம்/0.014388) × உமிழ்திறனின் இயல் மடக்கை

அலைநீளம் மீட்டரில், வெப்பநிலை கெல்வினில். டங்ஸ்டன் பட்டை, உமிழ்திறன் 0.43, கருவி காட்டியது 1800 கெல்வின் என்றால் விடை சுமார் 1933 கெல்வின். உமிழ்திறனின் நான்காம் மூலத்தால் வகுப்பவர்களுக்கு 2223 வரும். அந்தச் சூத்திரம் எல்லா அலைநீளங்களையும் சேர்த்து வாங்கும் முழுக் கதிர்வீச்சுப் பைரோமீட்டருக்கு உரியது. செல்சியஸிலேயே கணக்குப் போடுபவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"செங்கல் சூளையின் பார்வைத் துளை வழியே பார்த்தால் திருத்தம் எவ்வளவு?" என்று கேட்டால், ஏறக்குறைய இல்லை என்று சொல்லலாம். உள்ளே எல்லாம் ஒரே சூட்டில் இருந்து துளையும் சிறிதாக இருந்தால் அது கரும்பொருள் போலவே நடக்கும். புகை நடுவே வந்தால் மட்டும் அளவு இறங்கும்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பெட்டிக்குள் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். முன்லென்ஸ் அழுக்கானால் பொருளின் ஒளி குறைந்து கருவி குறைவாகவே காட்டும். அளவெடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள், ஜன்னல் வெளிச்சம் பட்டைமேல் படாமல் திரையை இழுத்துவிடுங்கள். அந்த வெளிச்சம் எதிரொளித்தால் அளவு கூடிவிடும்.