மீன் தலைக்குள்ளே ஒரு ஊர் விலாசம்

கத்தாழை, பன்னா மீன் தலையைக் கடிச்சுச் சாப்பிடுறவங்களுக்குத் தெரியும், பல்லுல 'நறுக்'குன்னு வெள்ளையா ஒரு கல் மாட்டும். மீனோட காதுக்கல் அது. மரத்துல வளையம் விழற மாதிரி, குஞ்சா இருக்கும்போது நாளுக்கு ஒரு மெல்லிய படிவு. ஒருதடவை படிஞ்சா கரையாது.

தண்ணியில கரைஞ்சிருக்கிற ஸ்ட்ரான்சியம்ங்கிற உலோகம், கால்சியத்துக்குப் பதிலா அந்தக் கல்லுல போய் உட்கார்ந்துக்கும். இதுல எடை வேறுபட்ட வகைகள் உண்டு; ஸ்ட்ரான்சியம் 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் ஆற்றங்கரைப் பாறையோட வயசு, வகையைப் பொறுத்து மாறும். பாறை மாறினா தண்ணி மாறும், தண்ணி மாறினா கல் மாறும்.

அலாஸ்காவுல நுஷகாக்னு ஒரு ஆறு. கடலுக்குப் போய்த் திரும்பி வர்ற சினூக் சால்மன் மீனைப் பிடிச்சு, காதுக்கல்லை லேசரால நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் சுரண்டிப் பார்த்து, எந்தக் கிளையாத்துல பொறந்துச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. 2015-ல ஆய்வு வெளியாச்சு. மீனுக்கு டேக் மாட்டவே தேவையில்ல!

2019-ல வந்த அடுத்த ஆய்வு எனக்கு இன்னும் பிடிச்சது. ஒரு வருஷம் நிறைய மீன் தர்ற கிளையாறு இன்னொரு வருஷம் படுத்துடுது, வேற கிளை கை கொடுக்குது. இதே ஆத்தோட தலைமாட்டுலதான் பெப்பிள்ங்கிற செம்பு, தங்கச் சுரங்கம் தோண்டணும்னு வருஷக்கணக்கா இழுபறி. 'இந்தச் சின்ன ஓடையில என்ன பெரிய மீன் இருக்கு'ன்னு கேட்கிறவங்களுக்கு இந்தக் கல்லைக் காட்டலாம்.