அவள் சைக்கிளுக்கு எவ்வளவு காற்று

போன வருஷம் கிட்டத்தட்ட ஆறு மாதம் என் மனைவி ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஏங்க, பதினஞ்சு கிலோமீட்டர் தாண்டுனா ரெண்டு கையும் மரத்துப் போகுதுங்க." நான் முதலில் கையுறை வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் ஹேண்டில்பார் கிரிப்பை மாற்றினேன். அப்புறம் சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஹேண்டிலை ஒரு இன்ச் உயர்த்தி, என்னென்னவோ செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரூர் தாண்டிச் சிறுவாணி ரோட்டில் போய்வருவது எங்கள் இருவருக்கும் பிடித்த ஒன்று. அதையே அவள் விட்டுவிடுவாளோ என்று பயம் வந்துவிட்டது.

காரணம் டயரில் இருந்தது. அதில் காற்று அடித்தது நான்தான்.

எங்கள் இரண்டு சைக்கிளும் ஒரே மாடல் ஹைப்ரிட், பிரேம் சைஸ் மட்டும் வேறு. 700க்கு 32 டயர், அதாவது அகலம் 32 மில்லிமீட்டர். டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் 85 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) என்று எழுத்து பொறித்திருக்கிறது. கடையில் கொடுக்கும்போதே 85 அடித்துத்தான் கொடுத்தார்கள், நானும் அதையே வேதமாக எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை ஐந்து மணிக்கு இரண்டு சைக்கிளுக்கும் முன்னும் பின்னும் 85 அடித்துவிடுவேன். என் எடை 84 கிலோ. அவள் 52. இதை ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டும். பக்கவாட்டில் இருப்பது இதைத் தாண்டாதே என்கிற எல்லை. இவ்வளவு வை என்று அது யாருக்கும் சொல்லவில்லை. ஏறி உட்காருவது யார், எந்த ரோட்டில் போகிறார்கள் என்று டயர் செய்தவருக்கு எப்படித் தெரியும்?

நான் பம்ப் செட் உதிரி பாகம் செய்யும் லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். கிலோ பிரஷர் கணக்கு எங்களுக்கு அன்றாடச் சோறு. 85 பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ. வீட்டில் தண்ணீர் லைனுக்குப் போடும் 6 கிலோ பைப் தாங்குகிற அதே அழுத்தம். சரி, இதை வைத்து ஒரு எளிய கணக்குப் போட்டுப் பாருங்கள். குளியலறை எடை மெஷினைப் பின் சக்கரத்துக்கு அடியில் வைத்து, முன் சக்கரத்துக்கு அதே உயரத்தில் ஒரு மரக்கட்டை வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தால் பின் சக்கரத்தில் எவ்வளவு எடை விழுகிறது என்று தெரிந்துவிடும், அதையே முன் சக்கரத்துக்கும் மாற்றிச் செய்யலாம். சைக்கிள், தண்ணீர் பாட்டில், பை எல்லாம் சேர்த்து எனக்கு மொத்தம் 100 கிலோ, அதில் பின்னால் 58, முன்னால் 42. அவளுக்கு மொத்தம் 66, பின்னால் 39, முன்னால் 27.

எடையை அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையில் எவ்வளவு இடத்தைத் தொடுகிறது என்பது தோராயமாக வந்துவிடும். 85 பிஎஸ்ஐயில் என் பின் டயர் தரையைத் தொடுவது பத்துச் சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவளுடையது ஆறரை. அதாவது அவள் டயர் கிட்டத்தட்ட மசியவே இல்லை, ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு ஜல்லியும் அப்படியே ஹேண்டில் வழியாக உள்ளங்கைக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. ஆறு மாதம்! கையுறை என்ன செய்யும்?

கார் டயருக்கே 32 பிஎஸ்ஐதானே, சைக்கிளுக்கு எதற்கு 80 என்று பட்டறையில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 1200 கிலோ கார் என்றால் ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ, அதை 32 பிஎஸ்ஐயால் வகுத்தால் 130 சதுர சென்டிமீட்டருக்கு மேல் தொட வேண்டும், அவ்வளவு அகலம் கார் டயரில் இருக்கிறது, தொடுகிறது. சைக்கிளில் அந்த இடம் இல்லை, அதனால் அழுத்தத்தைக் கூட்டித்தான் எடையைத் தாங்க வேண்டும். அதே காரணத்தால்தான் சைக்கிளிலும் டயர் அகலமாக ஆக ஆகக் காற்றைக் குறைக்க வேண்டும். இரண்டு இன்ச் 6 கிலோ பைப்பையும் ஆறு இன்ச் 6 கிலோ பைப்பையும் வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரிய பைப்பின் சுவர் தடிமன் அதிகம். விட்டம் கூடினால் அதே அழுத்தத்துக்குச் சுவரில் இழுவிசை கூடும். டயரும் ஒரு பைப்தான். 25 அகல டயரில் 80 வைத்துப் பழகியவர் 40 அகல டயரிலும் 80 வைத்தால் அது பலகை மாதிரி ஆகிவிடும், டயரின் நூல் பின்னலும் தேவையில்லாமல் இழுபடும்.

சரி, எவ்வளவுதான் வைப்பது? ஃபிராங்க் பெர்டோ என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு அளவு சொல்லியிருக்கிறார். ஆள் ஏறி உட்காரும்போது டயர் தன் உயரத்தில் சுமார் 15 சதவீதம் அமுங்க வேண்டும், முன்னும் பின்னும் ஒரே அளவு அமுங்க வேண்டும். எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம், இதை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பட்டறையிலிருந்து வெர்னியரை, மில்லிமீட்டருக்கும் குறைவாக அளக்கும் கருவியை, கொண்டுவந்தேன். ஹாலில் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ரிம்மின் ஓரத்திலிருந்து தரை வரைக்கும் ஆள் இல்லாமல் ஒரு அளவு, அவள் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் பெடலில் வைத்த பிறகு ஒரு அளவு. நான் தரையில் படுத்துக்கொண்டு படித்துச் சொல்லச் சொல்ல, பையன் நோட்டில் எழுதினான். 85இல் அவள் பின் டயர் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக அமுங்கியது, அவ்வளவுதான். 32 மில்லிமீட்டர் டயருக்குப் பதினைந்து சதவீதம் என்றால் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக வரவேண்டும். ஐந்து ஐந்தாகக் காற்றை இறக்கிக்கொண்டே வந்தோம். 45இல் நாலரை வந்தது. முன் டயர் 38இல் அதே அளவுக்கு வந்தது. எனக்குப் பின்னால் 65, முன்னால் 57. அந்த அளவில் என் பின் டயரும் அவள் பின் டயரும் தரையைத் தொடும் இடத்தைக் கணக்குப் பார்த்தால் இரண்டுமே பன்னிரண்டரைச் சதுர சென்டிமீட்டர் பக்கம் வருகிறது. ஒரே டயர், ஒரே ரோடு, 20 பிஎஸ்ஐ வித்தியாசம். அந்த எண்ணை நோட்டில் பார்த்தபோது எனக்கு மனசு என்னவோ செய்தது.

மறுநாள் பேரூர் தாண்டி, ஆலாந்துறை தாண்டி, திரும்பி வரும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். கையை விரித்து விரித்து மூடிப் பார்த்தாள். "ஒண்ணும் பண்ணலைங்க" என்றாள்.

காற்றைக் குறைத்தால் சைக்கிள் இழுக்குமே, வேகம் போய்விடுமே என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. கல்லு மாதிரி அடித்த டயர் வேகமாகத் தோன்றும், ஏனென்றால் அதிர்வு அதிகமாக வருகிறது, அதிர்வை மனசு வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. வழவழப்பான இரும்பு உருளையில் டயரைச் சுற்றவிட்டுப் பார்த்தால் காற்று கூடக் கூட இழுவை குறையும்தான், அது பொய் இல்லை. ஆனால் அந்த உருளையில் குழியும் இல்லை, மேலே உட்கார்ந்திருக்கும் மனிதனும் இல்லை. நிஜ ரோட்டில் டயர் மசிந்து விழுங்காத ஒவ்வொரு குலுக்கலையும் உங்கள் தொடையும் முதுகும் கையும் விழுங்குகின்றன, அதற்கான சக்தி உங்கள் பெடலில் இருந்துதான் போகிறது. பந்தயக்காரர்கள் ஒரு காலத்தில் 23 அகல டயரில் 110, 120 என்று அடித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது 28, 30 அகலத்துக்கும் அதைவிடப் பாதியை நெருங்கும் காற்றுக்கும் வந்துவிட்டார்கள். பாரிஸ்–ரூபே மாதிரிக் கல் பாவிய ரோட்டில் ஓடும் பந்தயத்தில் இன்னும் அகலம், இன்னும் குறைவு. அவர்கள் சொகுசுக்காகச் செய்யவில்லை, ஜெயிப்பதற்காகச் செய்கிறார்கள்.

ஆனால் குறைப்பதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு, அதை நான் ஆழியாறில் தெரிந்துகொண்டேன். நல்லா இருக்கிறதே என்று என் பின் டயரை 45க்கே கொண்டுவந்துவிட்டு வால்பாறை மலையில் பாதி ஏறி இறங்கினேன். மேலே வளைவுகளில் டயர் பக்கவாட்டில் நெளிகிற மாதிரி ஒரு உணர்வு இருந்தது, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கீழே வந்து பொள்ளாச்சி ரோட்டில் ஒரு குழியில் உட்கார்ந்தபடியே விட்டேன், டங்கென்று ஒரு சத்தம், பத்து மீட்டருக்குள் ரிம்மில் ஓடிக்கொண்டிருந்தேன். தள்ளிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையைப் பிடித்தேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அண்ணன். டியூபைத் தண்ணீர் தொட்டியில் முக்கியதும் இரண்டு வரிசையாகக் குமிழி வந்தது, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை.

"முள்ளு இல்லீங்க. காத்து கம்மியா வெச்சு ஓட்டுனீங்களா? ரிம்மு கடிச்சிருக்குது பாருங்க."

"ஆமாங்கண்ணா, கொஞ்சம் கொறச்சேன்."

இரண்டு பேட்ச் போட்டு, டியூபை உள்ளே தள்ளி, பம்பைக் கையில் எடுத்தவர் அடிப்பதற்கு முன்னால் கேட்டார். "டபுள்ஸ் போவீங்களா? சாமானம் ஏத்துவீங்களா?" இல்லை, நான் மட்டும்தான் என்றதும் என்னை மேலிருந்து கீழ் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடிக்க ஆரம்பித்தார், நடுநடுவே கட்டை விரலால் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டார். கேஜ் கிடையாது. வீட்டுக்கு வந்து என் கேஜில் பார்த்தேன், 60க்குக் கொஞ்சம் மேலே நின்றது. பால் கேன் கட்டுகிற சைக்கிளுக்கு ஒரு காற்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ஒரு காற்று என்று ஏற்றும் பாரத்தைக் கேட்டு அடிக்கிற பழக்கம் அவர்களிடம் எப்போதும் இருந்திருக்கிறது. கேஜ் வைத்திருந்த நான்தான் ஆளைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்தேன்.

ஓட்டும் விதமும் கணக்கில் வரும். குழியைக் கண்டால் சீட்டிலிருந்து லேசாக எழுந்து முழங்கையை மடக்கி சைக்கிளைத் தன் போக்கில் விடுகிறவர் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைவாக வைக்கலாம். என் மனைவி அப்படித்தான் ஓட்டுவாள். நான் களைப்பாக இருக்கும்போது உட்கார்ந்தே குழியில் இறங்குகிறவன், அதனால் எனக்கு அந்தச் சலுகை கிடையாது. எழுந்து நின்று மிதித்து மலை ஏறுகிறவர்களுக்கு டயர் ரொம்பக் குழைவாக இருந்தால் எரிச்சலாக இருக்கும். தென்னந்தோப்பு மண் ரோடு, வாய்க்கால் மேடு என்றால் நான் ஐந்தாறு குறைப்பேன். மழை ஈரத்தில் மூன்று நான்கு. 200 கிலோமீட்டர் பிஆர்எம் (நேரக் கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் பயணம்) மாதிரிப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீளப் பயணத்தில் கைக்கும் இடுப்புக்கும் வரும் வலிதான் பாதியில் நிறுத்த வைக்கும், அதனால் அங்கே மெதுமைக்கே என் ஓட்டு. ட்யூப்லெஸ் போட்டிருந்தால் டியூப் கடிபடும் பயம் இல்லை, இன்னும் இறங்கலாம், ரிம் நசுங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். புதுசாக வரும் சில ரிம்களில் டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி இருக்காது, அவற்றில் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ தாண்டவே கூடாது, டயர் கழன்றுவிடும். உங்கள் ரிம் எது என்று கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெயில் விஷயம் நம்மூருக்கு முக்கியம். காலையில் 22 டிகிரியில் 65 அடித்த டயர், மத்தியானம் வெயிலில் நிறுத்திவைத்து 45 டிகிரிக்குச் சூடானால் 71 ஆகிவிடும். எல்லையை ஒட்டி அடிக்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். ஊட்டிக்கு ஏறினால் என்ன ஆகும் என்று ஆசைக்குக் கணக்குப் போட்டேன். மேலே குளிரில் டயர் காற்றின் அழுத்தம் இறங்கும், ஆனால் 2240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றும் லேசாகிவிடுவதால் அந்த இறக்கம் ஈடாகிறது, மேட்டுப்பாளையத்தில் 65 என்றால் அங்கே 64. ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை.

கேஜ் சரியாக இருக்கிறதா என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம், ஒரே கேஜை எப்போதும் பயன்படுத்தினால் போதும். பம்பைக் கழற்றும்போது வரும் புஸ் சத்தம் பெரும்பாலும் குழாயில் இருக்கும் காற்று. நேற்று 60 அடித்தது இன்று மாட்டினால் 55 காட்டுகிறதே என்றால், டயர் காற்று கொஞ்சம் காலிக் குழாய்க்குள் போயிருக்கிறது. அது போக சாதாரண டியூப் வாரத்துக்கு இரண்டு மூன்று பிஎஸ்ஐயாவது தானாகவே இழக்கும், அதனால் ஞாயிறு காலை ஐந்து மணி பம்ப் வேலை மட்டும் மாறவில்லை.

அடுத்த மாதம் அவள் முதன்முறையாக வால்பாறை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், நாற்பது கொண்டை ஊசி வளைவு, இரவு தங்கல், கேரியரில் ஆறு கிலோ பை. பை முழுக்கப் பின் சக்கரத்தில்தான் விழும். பின்னால் 52, முன்னால் 38 அப்படியே என்று நோட்டில் பென்சிலில் எழுதியிருக்கிறோம். இந்தச் சனிக்கிழமை பையில் அரிசி கட்டிப் பேரூர் வரைக்கும் போய்ப் பார்க்கப் போகிறோம்.