நாசில் அடைக்காத சாணக் கரைசல்

மாப்பிள்ளைச் சம்பா நெல்லில் விழுந்த இலைக்கருகலுக்குச் சாணக் கரைசல் இரண்டாவது தெளிப்பு நேற்று முடிந்தது. இருபது சென்ட், நான்கு டேங்க். ஒரு தடவைகூடத் தெளிப்பானின் நாசிலைக் கழற்றவில்லை! போன முறை பட்ட பாட்டுக்கு இதை எழுதியே ஆக வேண்டும்.

கார்த்திகைத் தொடக்கத்தில் இரண்டு நாள் விடாத காற்றும் மழையும். அது ஓய்ந்த வாரத்திலேயே வடக்கு மூலையில் இலைநுனிகள் வைக்கோல் நிறமாகி, கருகல் இரண்டு ஓரமும் அலை அலையாகக் கீழே இறங்கியது. சத்துக் குறைவோ என்று ஒரு சந்தேகம். பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் முங்கும்படி பிடித்தேன். சில நிமிடத்தில் அந்த வாயிலிருந்து பால் நூல் மாதிரி ஒன்று நெளிந்து இறங்கியது. பாக்டீரியா இலைக்கருகல்தான்.

அந்த மூலை நாவல் மர நிழல். கோடையில் எருவைக் கொட்டி வைத்த இடமும் அதுதான். பயிர் கரும்பச்சையாக நின்றதைப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தேன். இயற்கை உரமானாலும் தழைச்சத்து கூடினால் இந்த நோய்க்குக் கொண்டாட்டம். பயிர் வளர்ச்சிக்குக் கொடுத்துவந்த அமுதக்கரைசலை நிறுத்தி, தண்ணீரை வடித்தேன்.

அப்புறம் சாணக் கரைசல். வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையில் இருப்பதுதான்: புதுச்சாணம் 20 சதம், நோய் தெரிந்ததும் ஒரு தெளிப்பு, 15 நாள் கழித்து இன்னொன்று. 10 லிட்டருக்கு 2 கிலோ போட்டேன். கரைப்பது எளிது, வடிகட்டுவதில்தான் உயிர் போகிறது. முதல் முறை அகல அண்டாவில் கரைத்து, கொசுவலையில் வடித்துப் பிழிந்தேன். பாதி டேங்க் போவதற்குள் அடைப்பு. கழற்றிப் பார்த்தால் நாசில் கண்ணில் மயிரிழை போல ஒரு வைக்கோல் நார், அதைச் சுற்றி மாவு மாதிரி சகதி. ஊசியால் குத்துவதும் ஊதுவதுமாக ஒரு காலைப் பொழுதே போய்விட்டது.

இந்த முறை பிழியவே இல்லை. பிழிந்தால்தான் நைந்த நாரும் மண்ணும் துணியைத் தாண்டி வருகின்றன. உயரமான குறுகிய டிரம்மில் கரைத்து, இரண்டு மணி நேரம் அசைக்காமல் விட்டேன். நார் மேலே மிதக்கிறது, மண் அடியில் தங்குகிறது, நமக்கு வேண்டியது நடுவில். மேலே உள்ளதை அரிகரண்டியால் அள்ளிவிட்டு, அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் டியூபை நிறுத்தி நடுத்தெளிவை மட்டும் இறக்கினேன். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து, தானாகச் சொட்டும்வரை காத்திருந்தேன். கிடைத்தது வெளிர் தேநீர் நிறத்தில் இருந்தது. வேட்டி பலமுறை துவைத்து நைந்ததாக இருக்கட்டும், புதுத்துணியில் சொட்டுவதற்குள் வெயில் ஏறிவிடும்.

நடவின்போதே ஒன்றில் பிடிவாதமாக இருந்தேன். "நாத்து நெட்டையா இருக்கு, நுனியைக் கிள்ளிட்டு நடுறோம் தம்பி" என்றார்கள் நடவுக்கு வந்த அக்காமார். "வேண்டாம்க்கா, கிள்ளுன வாய் வழியாத்தான் நோய் ஏறும்" என்று கேட்டுக்கொண்டேன். ஆனால் நோயைத் தடுக்க விதையில் கலக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாவான சூடோமோனாஸில் ஏமாந்தேன். விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் கலந்த பிறகுதான் பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்தேன், காலாவதி. கடையில் கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. வாங்கும்போதே தேதியைப் பாருங்கள்.

விதை, திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் வாங்கியது. 2 கிலோ வாங்கினால் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அதனால் நோய் விழுந்த மூலையிலிருந்து ஒரு கதிர்கூட விதைக்கு எடுக்கப் போவதில்லை. அடுத்த சம்பாவில் ஐந்து சென்டில் மேம்படுத்திய சம்பா மசூரி நட்டுப் பார்க்க ஆசை. 2008-இல் ஹைதராபாத்திலிருந்து வந்த ரகம், இந்தக் கருகலைத் தாங்கும் மூன்று மரபணுக்களை ஒட்டுச்சேர்க்கையிலேயே சேர்த்திருக்கிறார்கள்.

கருகியது கருகியதுதான், அது பச்சையாகாது. முதல் தெளிப்புக்குப் பின் வந்த இலைகளில் மூலையில் மட்டும் அங்கங்கே கோடு தெரிகிறது, மற்ற இடம் சுத்தம். தெளிப்பாலா, தண்ணீரை வடித்ததாலா, மழை விட்டதாலா என்று பிரித்துச் சொல்ல, தெளிக்காத பாத்தி ஒன்றும் நான் விடவில்லை. இப்போது பயிர் தொண்டைக்கதிர், அதாவது கதிர் வெளிவராமல் உறைக்குள் இருக்கும் பருவம். கதிருக்குக் கீழே கடைசியாக விரியும் கண்ணாடி இலை எப்படி வருகிறது என்று தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன், இன்றைக்கு மரத்தடியில் பதினோரு தூர் எண்ணினேன், பத்தில் பச்சை.